கொடியிலிருந்து டீ வரை: செயிண்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸின் பதினெட்டுக் குழிகள்

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில் இருக்கும் செயிண்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் என்ற கோல்ஃப் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கிடையாது. ஓப்பன் சாம்பியன்ஷிப் போன்ற சில போட்டிகள் நடக்கும் வாரங்களைத் தவிர, மற்ற ஞாயிறுகளில் அந்த மைதானம் ஊர் மக்கள் காலாற நடக்கவும், குழந்தைகள் ஓடியாடவும், நாய்களை உலாவவிடவும் திறந்துகிடக்கும் பொது இடமாகிவிடும். வேலை நிமித்தமாக டண்டியில் குடியேறிய பிறகு, டே ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் சிறிது நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதால், ஞாயிறு பிற்பகல்களில் அங்கே போவது எனக்கு வழக்கமாயிற்று. ஆடுவதற்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் குலுக்கலைப் பொறுத்தது; நடப்பதற்கோ எந்தத் தடையும் இல்லை. நடக்கும்போது நான் பதினெட்டாவது குழியில் தொடங்கி, ஒவ்வொரு குழியையும் கிரீனிலிருந்து (கொடி நடப்பட்ட, புல்லை ஒட்ட வெட்டிய தரை) டீயை (முதல் அடி அடிக்கும் இடம்) நோக்கிப் பார்த்தபடி, ஆட்டத்தின் திசைக்கு எதிராகவே போவேன். இந்த மைதானத்தை எப்படி ஆட வேண்டும் என்பதில் நான் அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்த எதிர்நடையில்தான் பிடிபட்டது.

அப்படிப் பிடிபட்டதற்கு வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. ஓல்டு கோர்ஸை யாரும் உட்கார்ந்து வரைந்து கட்டவில்லை. கடல் பின்வாங்கிய மணல்மேட்டில், ஆடு மேய்ந்து, முயல் தோண்டி, மனிதர்கள் ஆடி ஆடித் தானாகவே உருவான தடம் அது. 1764-ல் 22 குழிகளாக இருந்த சுற்று 18 ஆகக் குறைக்கப்பட்டது. குறுகலான ஒரே தடத்தில், போகும்போது ஆடிய குழிகளையே திரும்பும்போதும் ஆடிய காலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட்டம் பெருகியபோது தடமும் கிரீன்களும் அகலப்படுத்தப்பட்டு, ஒரே கிரீனில் இரண்டு குழிகள் வெட்டப்பட்டன. முதல் குழிக்கென்று மைதானக் காப்பாளர் ஓல்ட் டாம் மோரிஸ் தனிக் கிரீன் அமைத்த பிறகு, வலஞ்சுழியாக ஆடிவந்த மைதானத்தை இடஞ்சுழியாகவும் ஆட முடிந்தது. வெகுகாலம் இரண்டு திசைகளிலும் மாறி மாறி ஆடினார்கள். இன்று நிலைத்திருப்பது இடஞ்சுழி. ஆகவே இங்குள்ள 112 பங்கர்களில், அதாவது மணல் பள்ளங்களில், பல எதிர்த்திசையில் வந்தவர்களுக்காக வாய் திறந்தவை. டீயில் நிற்பவர் கண்ணுக்கு அவை தெரியாது. கிரீனிலிருந்து திரும்பிப் பார்ப்பவருக்கு ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரியும்.

பதினான்கு குழிகள் ஏழு இரட்டைக் கிரீன்களைப் பகிர்ந்துகொள்கின்றன. 2-க்குத் துணை 16, 3-க்கு 15, 4-க்கு 14, 5-க்கு 13, 6-க்கு 12, 7-க்கு 11, 8-க்கு 10. எந்த இணையைக் கூட்டினாலும் 18 வரும். தனிக் கிரீன் உடையவை 1, 9, 17, 18 மட்டுமே. போகும் வழியில் வெள்ளைக் கொடி, திரும்பும் வழியில் சிவப்புக் கொடி என்று அடையாளம் வைத்திருக்கிறார்கள். இதை மறந்து பக்கத்துக் குழியின் கொடியைப் பார்த்து அழகாக அடித்துவிட்டு, பிறகு நாற்பது, ஐம்பது யார்டுக்குப் பட் செய்துகொண்டிருக்கும் (கிரீனில் பந்தை உருட்டிக்கொண்டிருக்கும்) விருந்தாளிகளை எந்த நாளிலும் அங்கே பார்க்கலாம்.

எல்லாக் குழிகளுக்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. போகும்போது வலப்பக்கம் மஞ்சள் பூக்கும் முட்புதர்; நம் ஊட்டி வென்லாக் டவுன்ஸ் பக்கம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து பரப்பிவிட்டுப் போன அதே கோர்ஸ் செடிதான், உள்ளே போன பந்தை எடுக்கக் கை நீட்டுவதற்குள் விரலெல்லாம் முள்ளாகிவிடும். திரும்பும்போது வலப்பக்கம் மைதானத்தின் எல்லை. தாண்டினால் ஓர் அடி தண்டனை, மறுபடியும் அதே இடத்திலிருந்து ஆட வேண்டும். இடப்பக்கமோ இரு திசைகளிலும் பக்கத்துக் குழியின் ஃபேர்வே என்னும் ஆட்டப்பாதை விரிந்துகிடக்கும். ஆகையால் டீயில் நிற்கும் எவருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை இடப்பக்கம் அடி என்பதே. பையைச் சுமந்து வழிகாட்டும் கேடிகளும் அதையே சொல்வார்கள். எங்களைப் போல ஹேண்டிகேப் இருபதை ஒட்டி ஆடும் சுமாரான ஆட்டக்காரர்களுக்கு அது நல்ல அறிவுரையும்கூட. ஆனால் டீயில் இடப்பக்கம் போய் வாங்கிய நிம்மதிக்கு இரண்டாவது அடியில் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் கொடிக்கும் பந்துக்கும் நடுவே ஒரு பங்கரோ மேடோ தவறாமல் நிற்கும். வலப்பக்கம் அபாயத்தை ஒட்டி அடித்தவருக்கே கிரீன் முழுதாகத் திறக்கும். அன்றைக்குக் கொடி எங்கே நடப்பட்டிருக்கிறது என்பதை முதலில் கேட்டறிந்து, அதற்கு எந்தக் கோணத்திலிருந்து வர வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, கடைசியாகத்தான் டீ ஷாட்டின் திசையை முடிவுசெய்ய வேண்டும் என்பது என் கட்சி.

இங்கே நான் சொல்லும் தூரங்கள் 2022 ஓப்பனுக்கு அமைத்த டீக்களிலிருந்து கணக்கிட்டவை. மொத்தம் 7,313 யார்டு; பார், அதாவது திறமையானவர் எடுக்க வேண்டிய அடிகளின் கணக்கு, 72. சாதாரண நாட்களில் நாம் ஆடும் டீக்கள் முன்னால் இருக்கும். ஆனால் தூரம் குறைந்தாலும் கோணம் மாறுவதில்லை.

முதல் குழி 375 யார்டு. பதினெட்டாவது குழியோடு சேர்ந்து கிடக்கும் அந்த ஃபேர்வேயைப் போல அகலமானதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பங்கர் ஒன்றுகூட இல்லை. வலப்பக்க எல்லையை மட்டும் மறக்காமல் நடுவுக்குச் சற்று இடமாக அடித்தால் போதும். குழியின் முழுச் சூழ்ச்சியும் கிரீனின் முன்விளிம்பை உரசிக்கொண்டு ஓடும் ஸ்விலகன் ஓடையில் இருக்கிறது. நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையால் ஓங்கி அடித்து ஓடைக்கு மிக அருகில் போய் நின்றால், வெட்ஜ் என்னும் குறுந்தூர மட்டையின் அரைகுறை அடியில் பந்தை நிறுத்துவது கடினம். முழு வீச்சில் அடிக்கக்கூடிய தூரத்தை விட்டுவைப்பதே நல்லது. கொடி முன்னால் இருந்தாலும் அதைத் தாண்டியே குறிவைக்க வேண்டும்; கிரீனின் பின்புறம் தாராளமான இடம் இருக்கிறது. 2022-ல் டைகர் வுட்ஸின் முதல் அடி நல்ல அடிதான் என்றாலும், பந்து யாரோ பெயர்த்த புல்தடத்தில் போய் உட்கார, இரண்டாவது அடி ஓடையில் விழுந்து முதல் குழியிலேயே டபுள் போகி (பாரைவிட இரண்டு அடி கூடுதல்) ஆயிற்று.

இரண்டாவது (452 யார்டு), மூன்றாவது (398) குழிகளில்தான் முன்பு சொன்ன கணக்கு முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரியும். இரண்டில் இடப்பக்கம் சீப்ஸ் பங்கர் காத்திருக்கிறது. அதற்கும் வலப்பக்க முட்புதருக்கும் நடுவே உள்ள வழியில் வலமாக நின்றால், கிரீனுக்கு முன் உள்ள மேடுபள்ளங்களின் தொல்லை குறைகிறது. மூன்றில் கார்ட்கேட் பங்கர் கிரீனின் இடது முன்புறத்தை அரிவாள்போல் வளைத்துப் பிடித்திருப்பதால், வலப்பக்கச் சிறு பங்கர்களை ஒட்டி அடிக்கத் துணிந்தவருக்கு மட்டுமே கிரீன் நீளவாக்கில் கிடைக்கும். இடப்பக்கம் நின்றுவிட்டால் கொடியை மறந்து கிரீனின் வலப்பாதியில் பந்தைப் போட்டு இரண்டு பட்டில் முடித்துக்கொள்வது உத்தமம்.

நான்காவது குழிக்கு ஜிஞ்சர் பியர் என்று பெயர். அந்த இடத்தில் ஒருவர் அந்தப் பானத்தை விற்றுக்கொண்டிருந்ததன் நினைவு அது. 480 யார்டில் ஒரு பார் 4 என்பதே பயமுறுத்தும். வலப்பக்கம் குறுகலான சந்து, இடப்பக்கம் பரந்த மேட்டு நிலம். நம் மாதிரி ஆட்டக்காரர்களுக்கு இங்கே சந்து வழி கணக்கிலேயே இல்லை; இடப்பக்கம் அடித்து, மூன்றாவது அடியில் கிரீனை எட்டி, ஐந்தில் முடித்தால் அது நல்ல ஐந்து. கிரீனுக்கு முன்னால் ஒரு மேடு குறுக்கே நிற்பதால் பந்தை உருட்டி ஏற்ற நினைப்பவர் அதன் எந்தத் தோளில் பந்து திரும்பும் என்று பார்த்து ஆட வேண்டும்.

ஐந்து பார் 5, 570 யார்டு. வலப்பக்கம் ஏழு சகோதரிகள் என்ற பெயரில் பங்கர் கூட்டம் இருக்கிறது. இங்கே மட்டும் இடப்பக்கம் அடிக்கும் அறிவுரையில் எந்த வட்டியும் இல்லை. இரண்டாவது அடியில், கிரீனுக்கு முன் உள்ள மேட்டில் மூக்குக்கண்ணாடிபோல் இரண்டு பங்கர்கள். அவற்றைத் தாண்ட முடியாவிட்டால் நன்றாக முன்னதாகவே நின்றுவிட வேண்டும். பதின்மூன்றாவது குழியோடு பகிரும் அந்தக் கிரீன் முன்னிருந்து பின்வரை ஏறத்தாழ நூறு யார்டு ஆழம். ஆகவே கொடி முன்னாலா பின்னாலா என்பதைப் பொறுத்து மூன்று, நான்கு கிளப் (மட்டை) வித்தியாசம் வரும். ஆறாவது குழியில் (414) டீயிலிருந்து முட்செடி மேட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. கேடி காட்டும் திசையை நம்பி அடிக்க வேண்டியதுதான். கிரீனுக்கு முன்னே ஒரு தாழ்வு மறைந்திருப்பதால் தூரம் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும்.

ஏழிலிருந்து பதினொன்று வரை மைதானம் ஈடன் கழிமுகத்தை ஒட்டி ஒரு கொக்கிபோல் வளைகிறது. ஸ்கோர் அட்டையில் சேமிப்பைச் சேர்க்க வேண்டிய இடம் இதுதான் என்பதில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் நமக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஏழாவது (371) குழியின் கிரீனுக்கு முன் ஷெல் பங்கர் அகலமாய் வாய் பிளந்து கிடக்கிறது. ஒரு கிளப் கூடுதலாக எடுத்தால் அது வெறும் காட்சிப்பொருள். ஏழில் இரண்டாவது அடி அடிப்பவர்களும் பதினொன்றின் டீயில் நிற்பவர்களும் ஒருவர் பாதையை ஒருவர் குறுக்கே வெட்டுவதால், அங்கே ஆட்டத் திறமைக்குச் சமமாகப் பொறுமையும் தேவை. எட்டு (187) கண்ணுக்குத் தெரியாத பரப்பில் விழும் பார் 3. முன்னால் உள்ள பங்கரைத் தாண்டி அடித்தால் வேலை முடிந்தது. ஒன்பதைப் (352) பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: தட்டையான நிலம், தட்டையான கிரீன், ஃபேர்வேயின் நடுவே இரண்டு பங்கர். அவற்றுக்கு முன்னால் நிற்க வேண்டும். அல்லது நன்றாக விலகிப் போக வேண்டும். ஒன்றுமில்லாத இந்த இடத்தில்தான் பலர் அதிகம் யோசித்து அடியை வீணாக்குகிறார்கள். பத்தாவது குழிக்கு (386) அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸின் பெயர் வைத்திருக்கிறார்கள். காற்று பின்னாலிருந்து வீசினால் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒரே அடியில் கிரீனை எட்டிவிடுவார்கள்.

அந்த பாபி ஜோன்ஸை மண்டியிட வைத்த குழி அடுத்தது. பதினொன்று, 174 யார்டு பார் 3. 1921 ஓப்பனின் மூன்றாவது சுற்றில், பத்தொன்பது வயது ஜோன்ஸ் இந்தக் குழியின் பங்கரில் மாட்டிக்கொண்டு, போட்டியையே கைவிட்டு வெளியேறினார். அதே ஜோன்ஸ் 1927-ல் இங்கேயே ஓப்பனை வென்றதும், 1958-ல் ஊரார் அவருக்கு நகரத்தின் கௌரவக் குடியுரிமை அளித்ததும் இந்த ஊர் இன்றும் பெருமையோடு சொல்லும் கதைகள். பார்வைக்குக் குழி எளிது. கிரீனின் வலது முன்புறம் ஸ்ட்ரத் என்ற சிறிய, ஆழமான பங்கர். இடப்பக்கம் ஹில் என்ற பெரிய பங்கர். நடுவே கிரீன் பின்னிருந்து முன்னோக்கிச் செங்குத்தாகச் சரிகிறது. அதற்குப் பின்னால் கழிமுகம். கொடி பெரும்பாலும் ஸ்ட்ரத் பங்கருக்கு நேர்ப் பின்னால் நடப்பட்டிருக்கும்.

இங்கே மூன்று தவறுகளில் எது மலிவானது என்பதே கேள்வி. ஸ்ட்ரத்தில் விழுந்தால், சுவரை ஒட்டி நிற்கும் பந்தைப் பக்கவாட்டிலோ பின்னோக்கியோகூட வெளியே எடுக்க நேரும். ஹில்லில் விழுந்தால், கீழ்நோக்கி ஓடும் கிரீனில் பந்தை நிறுத்த முடியாது. கிரீனைத் தாண்டிப் போனால் சரிவில் இறங்கும் சிப்பும் (சிறு தூக்கடி) பட்டும் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. நான்காவதாக ஒன்று இருக்கிறது. பெருமைக்காரர்கள் அதை எண்ணுவதில்லை. இரண்டு பங்கர்களுக்கும் இடையே, கிரீனுக்குச் சற்று முன்னதாகவே பந்தை நிறுத்திவிட்டு, மேல்நோக்கிப் பட்டரால் தள்ளுவது. மேல்நோக்கிய பட் எவ்வளவு வலுவாகப் போனாலும் கைக்கடங்கும். மோசமாகப் போனால் நான்கு. சரியாகப் போனால் மூன்று. ஞாயிறன்று கிரீனின் பின்விளிம்பில் நின்று கீழே பார்த்தால் இந்த முடிவுக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகாது. டீயில் நிற்கும்போது மட்டும் எவருக்கும் அது தோன்றுவதில்லை. காற்றுக்கும் இது திறந்த இடம். 2015 ஓப்பனில் சனிக்கிழமை, கிரீன்களில் பந்து நிற்காமல் நகரும் அளவுக்குக் காற்று வீசி ஆட்டம் பத்து மணி நேரத்துக்கும் மேலாக நின்றுபோய், போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது.

எதிர்நடையின் பயனை ஒரே குழியில் காட்டச் சொன்னால் நான் பன்னிரண்டைக் காட்டுவேன். 351 யார்டு, டீயில் நின்றால் எதிரே பச்சை வெளியைத் தவிர எதுவும் இல்லை. கிரீனை அடைந்து திரும்பிப் பார்த்தால், ஃபேர்வேயின் நடுவே வரிசையாகப் பங்கர்கள், ஒவ்வொன்றின் மண்சுவரும் நம்மைப் பார்த்தபடி நிற்கும். எல்லாம் வலஞ்சுழிக் காலத்து ஆட்டக்காரர்களுக்கு எதிரே தெரிந்தவை. அவற்றின் இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டவருக்கு இரண்டு வழிகள் தென்படும்: பங்கர்களுக்கு முன்னால் அயர்ன் என்னும் இரும்பு மட்டையால் நிறுத்துவது, அல்லது இடமாகவோ வலமாகவோ முற்றிலும் விலக்கி ஓட்டுவது. கிரீனின் நடுவே ஒடுக்கமான ஒரு மேல்தட்டு குறுக்கே கிடக்கிறது. கொடி அதன் மேல் இருந்தால் பந்தை உயரத் தூக்கி இறக்குவதைவிடத் தரையோடு ஓடவிட்டு ஏற்றுவது பிழைக்கும் வழி. உயரமாக அடித்துப் பந்தை விழுந்த இடத்தில் நிறுத்திப் பழகிய நமக்கு, கெட்டியான மணல்நிலத்தில் முப்பது யார்டு முன்னதாகப் பந்தை இறக்கிவிட்டு வேடிக்கை பார்ப்பது எளிதில் கைவருவதில்லை.

பதின்மூன்றில் (465) காஃபின்ஸ் என்னும் பங்கர்கள் ஃபேர்வேயின் இடையே கிடக்கின்றன. சவப்பெட்டிகள் என்று பெயர் வைத்தவர் அனுபவித்துத்தான் வைத்திருக்க வேண்டும். இடப்பக்கம் ஆறாவது குழியின் ஃபேர்வேயில் அடித்தால் பிழைக்கலாம். ஆனால் அங்கிருந்து கிரீன் தெரியாது.

பதினான்கு, லாங் என்ற பெயருக்கேற்ற 614 யார்டு, இந்த மைதானத்திலேயே அதிகம் யோசிக்க வேண்டிய குழி. வலப்பக்கம் எல்லைச் சுவர். இடப்பக்கம் பியர்டீஸ் எனப்படும் நாலைந்து சின்னப் பங்கர்கள். இரண்டுக்கும் நடுவே எலிசியன் ஃபீல்ட்ஸ் என்ற தட்டையான, அழகான புல்வெளி. கிரேக்கப் புராணத்தில் வீரர்கள் இறந்தபின் வாழும் சொர்க்கத்தின் பெயர் அது. அடுத்தாற்போல் கிரீனுக்கு நூறு யார்டு முன்னால் ஹெல் பங்கர்: ஆளுயரத்தை மிஞ்சிய சுவர், உள்ளே ஒரு சிறு வீடு கட்டலாம் போன்ற பரப்பு. சொர்க்கத்தில் முதல் அடியைப் போட்டவர்தான் நரகத்தைத் தாண்ட வேண்டுமா, வேண்டாமா என்று யோசிக்கும் உரிமை பெறுகிறார். மற்றவர்களுக்கு அந்தக் கேள்வியே எழக்கூடாது. 1995 ஓப்பனில் ஜாக் நிக்லஸ், இந்த ஊரிலேயே இரண்டு முறை, 1970-லும் 1978-லும், வென்றவர், இந்தப் பங்கரில் இறங்கி இந்தக் குழியில் 10 எழுதிக்கொண்டு போனார்.

எனக்குப் பிடித்த வழி, முதல் அடி எங்கே நின்றாலும் இரண்டாவது அடியை இடப்பக்கம் ஐந்தாவது குழியின் ஃபேர்வேக்கு அடிப்பது. அங்கே ஹெல்லின் தொல்லை இல்லை; ஆள் நடமாட்டம் உண்டு, கூவி எச்சரித்துவிட்டு அடிக்க வேண்டும். கிரீனின் முகப்பில் செங்குத்தான மேடு இருப்பதாலும், மேட்டைத் தாண்டியதும் தரை பின்னோக்கிச் சரிவதாலும், நேரே வருபவரின் மூன்றாவது அடி மேட்டில் மோதித் திரும்பும். இல்லையேல் மேலே ஏறிப் பின்னால் ஓடிவிடும். இடமிருந்து வருபவருக்கு அந்த மேடு பாதி உயரம்தான். முதல் அடியில் எல்லைச் சுவரை ஒட்டி அடித்த துணிச்சல்காரருக்கு இந்தக் குழி வெகுமதி தராமல், சுற்றி வந்தவருக்குத் தருகிறது. வலப்பக்கமே சரியான கோணம் என்ற பொதுக்கணக்கு இங்கே உடைகிறது. கொடியிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பது என்ற கணக்கு உடையவில்லை.

பதினைந்து (455) மூச்சுவிட்டுக்கொள்ளும் குழி. ஊரின் தேவாலயக் கோபுரத்தைக் குறிவைத்து அடித்தால் தவறு நேராது. கிரீன் பார்வைக்குத் தோன்றுவதைவிடத் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவே.

பதினாறில் (418) மறுபடியும் பழைய கேள்வி. ஃபேர்வேயின் நடுவே பிரின்சிபல்ஸ் நோஸ் என்ற மூன்று பங்கர்கள், அவற்றுக்குப் பின்னால் டீக்கன் சைம் என்று மற்றொன்று. அவற்றுக்கும் வலப்பக்க எல்லைக்கும் நடுவே உள்ள சந்துக்குள் அடித்தால் கிரீன் நேராகத் தெரியும்; அந்த எல்லை முன்பு ரயில் பாதையாக இருந்தது. இடப்பக்கம் விசாலம், ஆனால் அங்கிருந்து வந்தால் கிரீனின் இடது முன்புறப் பங்கரைத் தாண்டியாக வேண்டும். நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் நாளில்கூட நான் இடப்பக்கமே போவேன். அடுத்த குழியில் செலவழிக்கக் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும்.

அடுத்த குழி பதினேழு, ரோடு ஹோல். 2005 ஓப்பனில் 455 யார்டாக இருந்ததை 2010-ல் டீயைப் பின்னுக்குத் தள்ளி 495 ஆக்கினார்கள். பார் இன்னும் 4-தான். டீயில் நிற்பவருக்கு எதிரே ஃபேர்வே தெரியாது; தெரிவது ஓட்டல் ஒன்றின் கொட்டகைச் சுவர். முன்பு ரயில்வே நிலக்கரிக் கொட்டகைகள் நின்ற இடம் அது. அந்தச் சுவரில் எழுதியிருக்கும் எழுத்துகளில் எதன் மேலாக அடிக்கிறோம் என்பதைச் சொல்லித்தான் கேடிகள் திசை காட்டுவார்கள். வலப்பக்கத்து எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் வழி குறுகும், கோணம் திறக்கும், பந்து ஓட்டல் வளாகத்துக்குள் போகும் வாய்ப்பும் பெருகும். கிரீனோ குறுக்காகக் கிடக்கும் ஒல்லியான மேட்டுத் திட்டு. அதன் முன்வயிற்றில் ரோடு பங்கர் குடைந்திருக்கிறது. பின்னால் சிறு சரிவு, அதை அடுத்துச் சாலை, அதற்கப்பால் கல்சுவர். சாலையும் ஆட்டத்தின் பகுதியே. அங்கே நிற்கும் பந்தை அப்படியே ஆட வேண்டும்.

ரோடு பங்கரை ஞாயிறன்று அருகே போய்ப் பார்த்தால் அதன் பரப்பு சிறிதென்பது வியப்பளிக்கும். புல்தரையைச் செங்கல் அளவில் வெட்டி, அடுக்கின் மேல் அடுக்காக வைத்துக் கட்டிய சுவர். பழைய அடுக்குகளில் புல் காய்ந்து பழுப்பேறியிருக்கும், புதிதாக வைத்தவற்றில் இன்னும் வேர் தொங்கும். பங்கரின் விளிம்பிலிருந்து சில அடி தள்ளி நின்று ஒரு பந்தைக் கையால் உருட்டிவிட்டால், அது நேராகப் போகாமல் மெல்ல வளைந்து பங்கருக்குள் விழும். சுற்றிலும் உள்ள தரை முழுவதும் அதை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அதாவது கண்ணுக்குத் தெரியும் பங்கரைவிட ஆட்டத்தில் உள்ள பங்கர் பல மடங்கு பெரியது. 1978-ல் ஜப்பானின் டாமி நகஜிமா இரண்டாவது அடியிலேயே கிரீனில் ஏறிவிட்டு, பட் செய்த பந்து இந்தச் சாய்வில் உருண்டு பங்கரில் விழ, வெளியேற நான்கு அடி செலவிட்டு 9-ல் முடித்தார். 1995-ல், சமநிலையில் முடிந்தவர்கள் மீண்டும் மோதும் பிளேஆஃபில், கோஸ்டன்டினோ ரோக்கா மூன்று அடியும், 2000-ல் கடைசி நாளில் டேவிட் டுவால் நான்கு அடியும் இதற்குக் கொடுத்தார்கள். அந்த 2000 ஓப்பனை எட்டு அடி வித்தியாசத்தில் வென்ற டைகர் வுட்ஸ், 72 குழிகளிலும் ஒரு பங்கரில்கூட விழவில்லை என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பங்கருக்குப் பயந்து நீளமாக அடித்தவர்களின் கதை மறுபக்கம். 1984-ல் டாம் வாட்சன், ஆறாவது ஓப்பன் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, 2-அயர்னால் அடித்த பந்து கிரீனைத் தாண்டிச் சாலையைக் கடந்து கல்சுவரை ஒட்டி நின்றது. அதே சமயம் முன்னால் போயிருந்த செவே பாலஸ்டரஸ் பதினெட்டில் பர்டி (பாரைவிட ஓர் அடி குறைவு) போட்டுப் பட்டத்தை எடுத்துக்கொண்டார்.

ஆக, பங்கரும் கூடாது, சாலையும் கூடாது என்றால் மிஞ்சுவது கிரீனின் வலது முன்புறத் தாழ்வு. இரண்டாவது அடியை அங்கே நிறுத்தி, மூன்றாவதாக மேட்டில் ஏற்றி, ஐந்தில் முடிப்பதை நான் பார் என்றே கணக்கு வைத்துக்கொள்கிறேன். எப்போதாவது ஒரு பட் விழுந்தால் நான்கு. இது கோழைத்தனம் என்று எண்ணுபவர்கள் 2022 ஓப்பனின் கடைசிச் சுற்றைப் பார்க்கலாம். பத்திலிருந்து பதினான்கு வரை தொடர்ந்து ஐந்து பர்டி போட்டு முன்னிலைக்கு வந்த கேமரூன் ஸ்மித், பதினேழில் இரண்டாவது அடி எட்டாமல், ரோடு பங்கர் தனக்கும் கொடிக்கும் நடுவே நிற்கும் நிலையில் மாட்டிக்கொண்டார். வெட்ஜால் தூக்கிப் போடும் கவர்ச்சியான வழி இருந்தது. அவர் பட்டரை எடுத்து, பங்கரை விலக்கி, மேட்டின் சரிவிலேயே பந்தை வளைத்து ஏற்றி, மீதித் தூரத்தையும் பட் செய்து நான்கில் முடித்தார். பதினெட்டில் இன்னொரு பர்டியோடு அன்று 64. ஓர் அடி வித்தியாசத்தில் பட்டம்.

பதினெட்டு 356 யார்டு. டீயில் நின்றால் எதிரே ஊரே தெரியும். பங்கர் இல்லை. வலப்பக்கம் வேலிக்கு அப்பால் தெருவும் கடைகளும் எல்லைக்கு வெளியே. ஆகவே ஆர் அண்ட் ஏ கோல்ஃப் சங்கக் கட்டடத்தின் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் சற்று இடமாகவே அடிப்பது நல்லது. முதல் குழியின் ஃபேர்வேயும் சேர்ந்து கிடப்பதால் இடப்பக்கம் எவ்வளவு போனாலும் கேட்பாரில்லை. பலம் உள்ளவர்கள் ஒரே அடியில் கிரீனில் ஏறுவார்கள். 2022-ல் கேமரூன் யங் அப்படி ஏறி, இரண்டே அடியில் முடித்தும் ஸ்மித்திடம் ஓர் அடியில் தோற்றார்.

மற்றவர்களுக்கு உள்ள ஒரே கணக்கு, கிரீனின் இடது முன்புறம் குழிந்திருக்கும் வேலி ஆஃப் சின். பாவப் பள்ளத்தாக்கு என்ற பெயருக்கு ஆழம் போதாது. ஆனாலும் கொடியை ஒட்டி நிறுத்த நினைத்துச் சுருக்கமாக விழும் வெட்ஜ் ஷாட்டுகள் எல்லாம் அதில் இறங்கி நிற்கும். ஆகவே ஒரு கிளப் கூடுதலாக எடுத்துக் கொடியைத் தாண்டிப் போவதே என் வழக்கம். அதிலும் எச்சரிக்கை வேண்டும். 1970-ல் டக் சாண்டர்ஸ் கொடிக்கு மேல்பக்கம் போய்விட்டு, கீழ்நோக்கிய பட்டை மூன்றடி தூரத்துக்குள் கொண்டுவந்து, பட்டத்துக்கான அந்தக் கடைசிப் பட்டைத் தவறவிட்டார். மறுநாள் பிளேஆஃபில் நிக்லஸ் வென்றார். பள்ளத்தில் விழுந்துவிட்டால் வெட்ஜைத் தொடவே கூடாது. 1995-ல் ரோக்கா வெட்ஜை எடுத்துத் தடுக்கி, பந்து சில அடி மட்டும் உருண்டு இந்தப் பள்ளத்தில் நின்ற பிறகு, பட்டரை எடுத்துத்தான் அறுபது அடிக்கும் மேலான தூரத்தைக் கடந்து அதைக் குழிக்குள் விழச் செய்து பிளேஆஃபுக்குப் போனார். நாம் குழிக்குள் போட வேண்டியதில்லை. பள்ளத்தின் அடியிலிருந்து கண்ணுக்குத் தோன்றுவதைவிடக் கால்பங்கு அதிக வலுவோடு பட் செய்தால், பந்து மேலே ஏறிக் கொடிக்கு அருகில் எங்காவது நிற்கும்.